இளைத்ததில் என் பங்கு

"அந்த போட்டோல எப்படி மிஸ் அவ்வளவு ஒல்லியா இருக்கீங்க? என்ன சாப்பிட்டீங்க?"

எங்கள் பள்ளி வராந்தாவில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோவைப் பார்த்துவிட்டு வருஷம் தவறாமல் யாராவது ஒரு புது டீச்சர் என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார். வரிசையின் ஓரத்தில் நீலப் புடவையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக நிற்பது நான்தான். அழகாகத்தான் இருக்கிறேன், பொய் சொல்வானேன். அந்தப் போட்டோ எடுத்த அடுத்த வாரம் என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இனிமேல் என்னைக் கேட்காதீர்கள்.

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். பெயர் ரெஜினா. வீடு பெங்களூர் காக்ஸ் டவுனில். கணக்கு டீச்சர் குண்டாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பி.டி. டீச்சர் குண்டாக இருந்தால் ஊருக்கே வாய் முளைத்துவிடும். இரண்டு பெண்கள் பிறந்த பிறகு நான் பெருத்துப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் எனக்கு ரோடு ரோலர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் தலைமை ஆசிரியை, அவர் ஒரு கன்னியாஸ்திரி, சிரித்துக்கொண்டே, "ரெஜினா, பிள்ளைங்களுக்கு நாமதானே எக்ஸாம்பிள்" என்றார். அதைப் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. அந்த வாரம்தான் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் கறி எடுக்கமாட்டோம். நான் கறியோடு சோறு, சர்க்கரை, டீக்கு பிஸ்கட், எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொண்டேன். விடியும் முன்பே எழுந்து அல்சூர் ஏரி வரைக்கும் நடந்து, ஏரியோரமாகச் சுற்றி, திரும்பி வீட்டுக்கும் நடந்தே வருவேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் கலர் பல்பு சுற்றும் எடை மெஷின் ஒன்று இருக்கும், காசு போட்டால் அட்டை வரும். எடை குறைந்திருந்தது. அட்டையின் பின்பக்கம் உழைப்புக்குப் பலன் உண்டு என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. நான் அதை அப்படியே நம்பினேன்.

ஈஸ்டர் வந்தது, பிரியாணி வந்தது. எனக்கு அப்படி ஒரு பசி! வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் தட்டு தட்டாகச் சாப்பிட்டேன். ஆனாலும் எடை இறங்கிக்கொண்டே போனது. ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"என்னம்மா ரெஜினா, தவம் பலிச்சிடுச்சே உனக்கு! ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாரு" என்பாள் ஃபிலோமினா. எங்கள் தெருவில் அப்பளம் போட்டு விற்கிறவள். "எங்களையும் கூட்டிட்டுப் போயேன்."

கூட்டிக்கொண்டு போனேன். பூசை முடிந்த கையோடு ஏரிக்கு ஒரு படையே கிளம்பும். நான் முன்னால், அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். நடந்தபடியே பிரசங்கம் வேறு. "வாயைக் கட்டணும், காலை ஆட்டணும். அவ்வளவுதான் ரகசியம். சோம்பேறிங்களுக்குத்தான் உடம்பு வைக்கும்." என்ன திமிர்! நான் உபவாசம் இருந்தேன், கடவுள் கொடுத்தார், இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். வேறு சமயத்தில் ஒருத்தி இப்படி உருகியிருந்தால் யாராவது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தவக்காலத்தில் தொடங்கியதால் அது அருளாகிவிட்டது.

ஸ்டெல்லா ஒருத்திதான் பாராட்டவில்லை. ஸ்டெல்லா என் நாத்தனார், கணவர் அருளின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். என் ஜாக்கெட்டுகள் தொளதொளவென்று ஆக ஆக, பிடித்துத் தரச் சொல்லி அவளிடம்தான் எடுத்துக்கொண்டு போவேன்.

"அண்ணி, கண்ணு ஏன் இப்படி முழிச்சிக்கிட்டு நிக்குது?" என்று ஒருநாள் அளவு எடுக்கும்போது கேட்டாள்.

"கன்னம் வத்திடுச்சில்ல, அதான் கண்ணு பெருசா தெரியுது. நீயும் நடந்து பாரு, உனக்கும் தெரியும்."

அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

உடம்பில் என்ன வந்தாலும் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தால் நடைக்குப் பலன். மழைக்காலக் குளிரிலும் வியர்த்துக் கொட்டினால் கொழுப்பு கரைகிறது. தூக்கம் வராவிட்டால் சுறுசுறுப்பு. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது கை நடுங்கி ஓட்டப் பாதை பாம்பு மாதிரி வளைந்தது. அதற்குச் சுண்ணாம்பைக் குறை சொன்னேன். வீட்டில் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். பாவம் அருள், "சோறு சாப்பிடாம இருந்தா கோவம் வரத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மைதானம் நிறையப் பிள்ளைகள். நான் முன்னால் நின்று செய்து காட்ட, அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும். கையை முன்னால் நீட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து எழுகிற பயிற்சி. "டௌன்" என்றேன். உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்து நான் "அப்" சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நானும் எழ வேண்டுமே. தொடையில் பலமே இல்லை. கால் இருக்கிறது, ஆனால் எழச் சொன்னால் கேட்கவில்லை. பிள்ளைகள் குந்தியபடியே என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மிஸ் விளையாட்டுக் காட்டுகிறார் என்று. நான் கையை ஊன்றப் பார்த்தேன். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மண் முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நெஞ்சில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் துடிப்பைக் கோடாகப் போட்டுக் காட்டும் சோதனை அது. துடிப்பு வேகமாக இருந்ததோடு, ஒழுங்கும் தவறியிருந்தது. மாலையில் ஒரு லேடி டாக்டர் வந்தார். கன்னடக்காரர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசினார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி என் கழுத்தையே பார்த்தார்.

"எவ்வளவு நாளா இளைக்கறீங்க?"

"அது நானா இளைச்சது டாக்டர்" என்றேன், அந்தப் படுக்கையிலும் பெருமை போகவில்லை. "டயட், வாக்கிங். நான் பி.டி. டீச்சர்."

அவர் என் கணவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. என்னுடையது வீங்கி, அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. முதலில் சாப்பாடு எரியும், பிறகு கொழுப்பு, பிறகு தசை. தொடைத் தசை கரைந்துபோனதால்தான் எழ முடியவில்லை. இப்படியே விட்டால் இதயம் தாங்காது.

"அப்போ நான் நடந்தது?" என்று கேட்டேன்.

"நடக்கறது நல்லதுதாம்மா. ஆனா இந்த நெலமைல நீங்க நடக்காம இருந்திருந்தா இன்னும் நல்லது."

உயிருக்கு ஆபத்து என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில்தான் உள்ளே ஏதோ அணைந்தது. அதற்குப் பிறகு பல நாள் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயமும் இல்லை, அழுகையும் இல்லை. ஊசி போட்டால் கையை நீட்டினேன். அருள் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரோ ஒருவர் அழுகிறார் என்கிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு கேள்வி மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இளைத்ததில் என் பங்கு எவ்வளவு? பாதியா, கால்வாசியா, ஒன்றுமே இல்லையா?

ரத்தத்தில் அந்தச் சுரப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு அப்போது முடிவு வரவே சில நாள் ஆகும். அது வந்ததும் ஸ்கேன். கையில் துளியூண்டு கதிரியக்க மருந்தை ஏற்றிவிட்டு, கழுத்துக்கு மேல் ஒரு கேமராவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மருந்தைச் சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று படத்தில் தெரியும். வலி கிடையாது. அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது சுலபமாக இருந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் நல்ல வாட்டசாட்டமான ஒரு பாய் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். சிவாஜிநகரில் துணிக்கடையாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கோ எப்படிக்கா இப்படி ஸ்லிம்மா இருக்கீங்கோ? எனக்கும் சொல்லுங்கோ. டாக்டர் வெயிட்டு கம்மி பண்ணு கம்மி பண்ணுன்னு ஒரே தக்லீஃப், ஒரே தொல்லை."

"இது நோய்ம்மா" என்றேன்.

"இருக்கட்டும் போங்கோ. நோயானாலும் அழகா இருக்கு."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பெண்கள் இருவரையும் ஸ்டெல்லா வீட்டில் விட்டுவிட்டு அருள் தினமும் ஷிஃப்ட் முடிந்து ஃபிளாஸ்க்கில் ராகிக் கஞ்சியோடு வருவார். டாக்டர் எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லிவிட்டார், நெய்யும் முட்டையும்கூட. ஆனால் மனுஷருக்கு என் வாயைத் திறந்து சோறு வைக்கப் பயம். "ரெஜி, கோச்சிக்காத. ரெண்டு வாய் சோறும் கொண்டாந்திருக்கேன். வேணாம்னா வேணாம்" என்று டிபன் பாக்ஸைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார். ஆஸ்பத்திரி பில்லை மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பட்டன் போட்டுவிடுவார், கேட்டாலும் காட்டமாட்டார். சீப்பை எடுத்துத் தலை வாரிவிடுவார். முடி கொத்துக் கொத்தாக வரும், அதுவும் இந்த நோயின் வேலைதான். அதை எனக்குத் தெரியாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போவார். அவர் மேல் எனக்கு எவ்வளவு அன்பு வந்திருக்க வேண்டும்! அப்போது வரவில்லை. இதை எழுதும்போதுதான் வருகிறது.

ஃபிலோமினா தன் படையோடு பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, ஜெபம் சொல்லி முடித்துவிட்டு, கிளம்பாமல் நின்றாள்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காத ரெஜினா. அப்போ நாங்க நடக்கறத நிறுத்திடணுமா?"

"நீ எவ்வளவு குறைஞ்சிருக்க?"

"நான் எங்கம்மா குறைஞ்சேன்? இடுப்புல ஏதோ கொஞ்சூண்டு. உன்ன மாதிரி வருமா?"

"நிறுத்தாத. நட" என்றேன். அவளுடைய கொஞ்சூண்டு அவளுடையது. அதில் சந்தேகமே கிடையாது. அவள் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மாத்திரையில் இதயம் அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பி, பிறகு ஆபரேஷனுக்கு மறுபடி சேர்த்தார்கள். வீக்கம் பெரிதாக இருந்ததால் மாத்திரை மட்டும் போதாது, சுரப்பியில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்கு முன்னால் சில நாள் அயோடின் சொட்டு மருந்தைப் பாலில் விட்டுக் குடிக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி. சர்ஜன் வந்து படம் வரைந்து விளக்கினார். குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறது, அதில் பட்டால் குரல் கம்மிப்போகலாம். மைதானத்தில் கத்துகிறவளுக்குக் குரல்தான் பிழைப்பு. அருளின் முகம் வெளுத்துவிட்டது.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் சர்ஜன்.

"வெயிட் திரும்பவும் வருமா?"

அவர் சிரித்துவிட்டார். "பர்த்தெ மேடம், கண்டிதா பர்த்தெ" என்றார் கன்னடத்தில். வரும், கட்டாயம் வரும். அவர் எனக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ரத்தம் வடிய ஒரு குழாய். "ஏதாவது பேசுங்க" என்று யாரோ கன்னத்தில் தட்டினார்கள். என்ன பேசுவது? வாயில் வந்தது "அட்டென்ஷன்." கேரளத்து நர்ஸ் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். குரல் இருந்தது. அடுத்த நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்ந்தது, பிறகு மரத்துப்போனது. சுரப்பிக்குப் பின்னால் இருக்கும் குட்டிச் சுரப்பிகள் அதிர்ச்சியில் கொஞ்சம் படுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுமாம். நரம்பில் ஊசி போட்டதும் சரியானது.

வீட்டுக்கு வந்தேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை, வாழ்நாள் முழுக்க. சர்ஜன் சொன்னது போலவே எடை வந்தது. முதலில் கன்னம், பிறகு கை, பிறகு எல்லாம். கண்ணாடியில் பழைய ரெஜினா திரும்பிக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போனால், "பாவம், மறுபடியும் வெச்சிடுச்சே" என்று துக்கம் விசாரித்தார்கள். உயிர் பிழைத்து வந்தவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது லேடி டாக்டரிடம் கேட்டேவிட்டேன். "டாக்டர், இளைச்சதுல எவ்வளவு நான் செஞ்சது?"

அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு யோசித்தார். ஏதோ ஒரு அளவைச் சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். "அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது" என்றார். "இப்போ தசை திரும்பணும். நாற்காலில உக்காந்து எந்திரிங்க. கைய ஊணாதீங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் அழுகை. ஏரியைச் சுற்றிய காலையெல்லாம், தட்டைத் தள்ளிவைத்த ராத்திரியெல்லாம் யார் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமலே போய்விட்டது.  அருள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நாற்காலிப் பயிற்சி தொடங்கினேன். அருள் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என்னைத் தொடாமல், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பார். முதலில் அரை எழுச்சி, தொப்பென்று விழுவேன். "பரவால்ல, நேத்தைக்கு இது வரலையே" என்பார். நாற்காலியிலிருந்து முக்காலிக்கு இறங்கினோம். முக்காலியிலிருந்து மணைக்கு.

பள்ளி திறக்கும் நேரம் வந்தது. நீலப் புடவை இருந்தது, ஜாக்கெட் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. எல்லா ஜாக்கெட்டையும் பையில் திணித்துக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். புதிதாகத் தைக்கத் துணியும் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

"துணி எதுக்கு அண்ணி?" என்றவள், ஒரு ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு முறை நான் பிடிக்கச் சொன்னபோதும் தையல் மேல் தையலாகப் போட்டிருந்தாள். துணியை மட்டும் வெட்டவில்லை. மடித்து மடித்து உள்ளேயே வைத்திருந்தாள். எல்லா ஜாக்கெட்டிலும் அப்படித்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்போ நான் மறுபடியும் குண்டாவேன்னு அப்பவே கணக்குப் போட்டு வெச்சிருந்தியா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு என்னமோ ஆவுதுன்னு தெரிஞ்சுது அண்ணி. சொன்னா நீ கேக்கற நெலமைல இல்ல. வெட்டிட்டா நீ திரும்பி வரமாட்டியோன்னு பயமா இருந்துது. அதான் வெட்டல."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிரித்த நூலைப் பொறுக்கினேன்.  போகும்போது அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். "ஐய, விடு அண்ணி, ஊசி குத்திடப் போவுது" என்றாள்.

பள்ளி திறந்த அன்று மைதானத்தில் அதே பிள்ளைகள், ஒரு வகுப்பு ஏறியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். ரோடு ரோலராகத்தான் இருக்கும். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "டௌன்" என்றேன். உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மிஸ் எழுவாரா மாட்டாரா என்று குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையை ஊன்றவில்லை. தொடை நடுங்கியது. நோய் வாங்கிக்கொண்டு போனது போக, முக்காலியிலும் மணையிலும் நானாகச் சேர்த்தது மட்டும்தான் அந்தத் தொடையில் இருந்தது. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. இத்தனை எடையையும் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பாதியில் அக்குள் பக்கம் டர்ரென்று ஒரு தையல் விட்டது. மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"சிரிக்கணும்னா சிரிங்கடி" என்றேன், நிமிர்ந்து நின்று. "அப்!"